மூன்று இலையும் ஒரு விதையும்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஜெயபாலனுக்கு அந்தப் பித்து எடின்பரோவில் பிடித்தது. மகன் அங்கே வேலை பார்க்கிறான். பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போனவர், ஒரு மழை நாளில் ஒதுங்குவதற்காகப் பரிசுப் பொருள் விற்கும் கடை ஒன்றுக்குள் நுழைந்தார். சுவர் முழுக்கச் சாவிக்கொத்துகள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பப் பெயர், பெயருக்கு மேலே ஒரு கேடயம், கேடயத்துக்குள் மான், கோட்டை, வாள் என்று ஏதாவது ஒன்று. ஏழாங்கட்டை ரப்பர் தோட்டத்தில் அவருடைய அப்பாவை நாயே பேயே என்று விரட்டிய வெள்ளைக்காரத் துரையின் பெயருக்கும் ஒரு சாவிக்கொத்து தொங்கியது. கேடயத்தில் ஒரு சேவல். ஜெயபாலன் மழை விட்ட பிறகும் அரை மணி நேரம் நின்று, ஒரு வரிசை விடாமல் பார்த்தார். எதைத் தேடினீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்கே வெட்கமாகப் போயிருக்கும்.

மலேசியாவில் ஈப்போவுக்குத் திரும்பிய களைப்பு தீருமுன்பே குடும்ப வாட்சப் குழுவில் அறிவித்துவிட்டார். அப்பா பத்துமலை பிறந்து நூறு வருடம் ஆகிறது. டிசம்பர் விடுமுறையில் புந்தோங் மண்டபத்தில் சொந்தபந்தம் எல்லாம் கூடுகிறோம். அன்றைக்கு நம் குடும்பத்துக்கென்று ஒரு சின்னம் வெளியிடப்படும். “சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன். பத்துமலைக்கு என்ன?” என்று முடித்திருந்தார். முப்பத்தாறு வருடம் பள்ளிச் சபைக்கூடலில் பேசிப் பழகிய வாய், ஓய்வு பெற்றாலும் ஓயவில்லை. கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. லூமுட்டில் கடற்படை வேலையை முடித்துவிட்டு வீட்டோடு இருக்கும் தம்பி பவித்ரன் மட்டும், “ரப்பர் பால் வெட்டுனவருக்கு எதுக்குண்ணே சின்னம்” என்று எழுதி, அண்ணன் பார்ப்பதற்குள் அழித்துவிட்டான். அண்ணன் பார்த்துவிட்டார்.

வரைகிற வேலை பவித்ரனின் மகள் ஷாமினிக்கு வந்தது. ஈப்போவில் அவளுக்கு ஒரு விளம்பரப் பலகைக் கடை இருக்கிறது. கல்யாணப் பதாகை, திருவிழா பேனர், கண்ணீர் அஞ்சலி, சாப்பாட்டுக் கடைப் பலகை என்று எல்லாவற்றையும் ஒரே கணினியில் வரைந்து ஒரே இயந்திரத்தில் வெட்டுகிறவள். பெரியப்பா என்பதற்காக இளகுகிற ஆள் இல்லை.

“சிங்கம் ஒண்ணு வேணும்மா,” என்று ஆரம்பித்தார் ஜெயபாலன்.

“நம்ம சுங்காய் தோட்டத்துல ஏது பெரியப்பா சிங்கம்?”

“வீரத்துக்கு லா.”

“சிங்கம் போட்ட பீர் டின் மாதிரி இருக்கும். பாக்கறவங்க நீங்க ஏஜென்சி எடுத்துட்டீங்கனு நெனப்பாங்க.” அவள் சிரிக்காமல் சொன்னாள். “பெரியப்பா, நான் ஒண்ணு சொல்லிடறேன். சின்னத்துல என்ன போட்டாலும் அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கணும். இது ஏன் இங்க இருக்குனு யாராச்சும் கேட்டா, நீங்க எந்திரிச்சு நின்னு பதில் சொல்லணும். பதில் இல்லாதத நான் வரைய மாட்டேன்.”

சிங்கம் போயிற்று. அதன் பின்னாலேயே தாமரை, தராசு, உதயசூரியன் எல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் நின்றவை இவைதாம்: அப்பாவின் உழைப்புக்கு, குறுக்கும் மறுக்குமாக வைத்த இரண்டு ரப்பர் பால்வெட்டுக் கத்திகள், அவற்றின் கீழே பால் சொட்டும் ஒரு மங்குக் கிண்ணம், தலைமாட்டில் படிப்புக்கு ஒரு விரித்த புத்தகம். அடியில் சுருண்டு ஓடும் பட்டையில் ‘உழைப்பு உண்மை உயர்வு’. மூன்றும் உ-வில் தொடங்குவதில் தலைமையாசிரியருக்கு அப்படியொரு திருப்தி. நடுவில் மட்டும் இடம் வெறுமையாகக் கிடந்தது. ஷாமினி ரப்பர் இலை ஒன்றை வரைந்து அங்கே வைத்தாள். ஒரு காம்பு, அதில் மூன்று இலைகள். ரப்பர் இலை எப்போதும் மூன்றாகத்தான் வரும்.

“நடு இல முத்தம்மா அத்த. இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் அப்பா. மூணு பிள்ளைங்க, ஒரே காம்பு.”

ஜெயபாலனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். நடு இலை அக்காவுக்கு என்றதும், வெகுநாளாகச் சுமந்த ஒன்றை இறக்கி வைத்ததுபோல இருந்தது அவருக்கு. மனிதர்கள் எவ்வளவு மலிவாகத் தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள்! வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காரில் பாடிக்கொண்டே போனார்.

இரண்டு நாள் கழித்து அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. அவளாகக் கூப்பிடுவது அபூர்வம்.

“பாலா, ஷாமினி போன்ல காட்டுச்சி. அழகா இருக்கு. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ.”

“என்னக்கா, ஒடம்பு ஏதும்…”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. வா.”

தோட்டத்தைக் கம்பெனி விற்றபோது தொழிலாளர்களுக்குக் கொடுத்த மலிவுவிலை வீட்டில், சுங்காயில், முத்தம்மா தனியாக இருக்கிறாள். வயது அறுபத்தொன்பது. பதினேழு வயதில் முதுகில் தெளிக்கும் பம்பைச் சுமந்து களைக்கொல்லி அடிக்கப் போனவள். தோட்டத்தில் அதை மருந்து என்றுதான் சொல்வார்கள். பல வருடம் அந்த மருந்தில் நனைந்து அவளுடைய நகங்கள் விழுந்தன, முளைத்தன, மறுபடி விழுந்தன. இப்போது இருப்பவை நகம் என்று பேருக்கு ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் செதில்கள். பூண்டு உரிக்கக்கூட அவளுக்குக் கத்தி வேண்டும்.

காப்பி ஓ கலக்கி வைத்தாள். ஜெயபாலன் எப்போதும்போல அதைத் தொடவில்லை. கறுப்புக் காப்பி அவர் குடிப்பதில்லை. வயிற்றுக்கு ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

“நாம எத்தன பேருடா?” என்று கேட்டாள் முத்தம்மா.

அவர் மேசைவிரிப்பின் மடிப்பை நீவினார்.

“எலைய எண்ணிப் பாத்தேன். மூணு இருக்கு. ரப்பர் எலைல நாலு வராது, எனக்குத் தெரியும். அதனால இத எடுத்து வச்சேன்.” பழைய பால்மாவு டின் ஒன்றைத் திறந்து, துணியில் முடிந்திருந்த ஒரு ரப்பர் விதையை எடுத்து மேசையில் வைத்தாள். தவிட்டு நிறத்தில் கறுப்புக் கோடுகளும் புள்ளிகளும் ஓடிய விதை. எந்த மரத்து விதை என்று தோலின் கோலத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள் தோட்டத்தில். ஒரு மரத்தின் கோலம் இன்னொரு மரத்துக்கு வராது. “நம்ம லயத்து வீட்டுக்குப் பின்னால நின்ன மரத்தோடது. ஆஸ்பத்திரில அவன் சட்டையையும் காச்சட்டையையும் சுருட்டிக் குடுத்தாங்கல்ல, பையில அஞ்சு கெடந்துச்சி. இது ஒண்ணுதான் மிச்சம். இத அந்த எலைக்குக் கீழ வைக்கச் சொல்லு.”

“நல்ல காரியத்துலக்கா… செத்துப்போனத எல்லாம் எதுக்கு…”

“செத்துப்போனதா?” என்றாள் முத்தம்மா. “தீபன்டா. பேரச் சொல்லு.”

இனிச் சொல்லப்போவதை ஜெயபாலன் ஐம்பத்தோரு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. கட்டிய மனைவியிடம்கூடக் கடைசிவரை சொல்லாமல் அவளைச் சுடுகாட்டுக்கு அனுப்பி வைத்துவிட்டார். அவர் சொல்ல மாட்டார், நாம் சொல்லிவிடுவோம்.

வீட்டுக்குப் பின்னால் அம்மா போட்டிருந்த கீரைப் பாத்தியில் லாலான் புல் பிடுங்குவது பதினைந்து வயது ஜெயபாலனின் வேலை. கை அறுக்கும் புல். புத்தகத்தைப் பிடிக்க வேண்டிய கைக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்சம் மருந்து கொண்டு வா என்று அக்காவைக் கேட்டான். வீட்டுக்குக் கொண்டு வரக் கூடாது, வேலை வாங்கும் தண்டல் தோலை உரித்துவிடுவார் என்று மறுத்துவிட்டாள். ஒரு மதியம் அவளுக்குச் சோறு கொண்டு போனவன், அவள் ஆற்றோரம் கை கழுவிச் சாப்பிடுகிற நேரம் பார்த்து மருந்துப் பீப்பாயிலிருந்து ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டான். தண்ணீர் கலக்காத மருந்து. அப்பா முன்பு வேலைக்காட்டுக்குக் காப்பி கொண்டுபோன பழைய போத்தல் அது. மருந்தும் காப்பி நிறம்தான். அதை அடுப்படி விறகுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான்.

மறுநாள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையிலிருந்து தாகத்தோடு வந்த ஐந்து வயதுக் கடைசித் தம்பி தீபன் அதைக் கண்டுபிடித்து ஒரு வாய் குடித்தான். பாதியைத் துப்பிவிட்டு, “காப்பி கசக்குதும்மா” என்றான்.

ஒன்பது நாள். முதல் இரண்டு நாள் நாக்கும் தொண்டையும் வெந்து தோல் உரிந்தது. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து ஐஸ் கேட்டான், பிழைத்துக்கொள்வான் என்று எல்லாரும் நம்பினார்கள். அந்த விஷத்துக்கு அப்படி ஒரு குணம், நம்பவிட்டுத்தான் கொல்லும். ஆறாம் நாளிலிருந்து மூச்சு வாங்கியது. ஒன்பதாம் நாள் விடிகாலையில் அம்மாவின் மடியில் நின்றுவிட்டது.

முதல் நாளே அப்பா போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: யார் கொண்டு வந்தது? கதவு நிலையைப் பிடித்தபடி நின்றிருந்தான் ஜெயபாலன். எல்.சி.இ. அரசாங்கச் சோதனைக்குப் பதினாறு நாள் இருந்தது. ஏழாங்கட்டை லயத்திலிருந்து அந்தச் சோதனை வரைக்கும் போன முதல் பிள்ளை. முத்தம்மா அவனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, “நாந்தாம்ப்பா. வீட்டுப் புல்லுக்கு அடிக்கலாம்னு கொண்டாந்தேன்,” என்றாள்.

அப்பா அடித்ததில் அவளுக்கு இடது காது இன்றுவரை சரியாகக் கேட்காது. ஆயர் தாவாரில் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை வீட்டார், கொலைகாரி கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்கப்புறம் யாரும் கேட்டு வரவில்லை. அம்மா அதற்குப் பின் பதினொரு வருடம் உயிரோடு இருந்தாள். அந்தப் பதினொரு வருடமும் முத்தம்மா சமைத்ததை அவள் வாயில் வைக்கவில்லை. நடக்க முடியாமல் படுத்த பிறகும் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டுச் செத்தாள். ஜெயபாலன் சோதனையில் தேறினார், ஆசிரியரானார், தலைமையாசிரியரானார். நன்னெறிப் பாடம் நன்றாக நடத்துவார் என்று பெயர்.

“வரையச் சொல்றேன்க்கா,” என்றார் இப்போது.

“வரஞ்சா மட்டும் போதாது. ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்னு மேடைல நீ சொல்லப் போறியாம்ல. வெதைக்கும் சொல்லு. என்ன நடந்துச்சோ அதச் சொல்லு.”

“நாலு பேர் முன்னாலயாக்கா?”

“நாலு பேர் முன்னாலதான என்னய ஏசுனாங்க.”

வெளியே ஐஸ்கிரீம் விற்கும் மோட்டார் சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. முத்தம்மா அது தாண்டிப் போகும்வரை வாசலையே பார்த்தாள்.

“நீ எதுக்குக்கா அன்னிக்கு அப்படிச் சொன்ன?” ஐம்பத்தோரு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

“ஒனக்குப் பரீச்ச இருந்துச்சி. ரெண்டு வாரத்துக்குத்தான்டா சொன்னேன். பரீச்ச முடிஞ்சதும் நீயே அப்பாகிட்ட சொல்லிடுவேனு நெனச்சேன்.” அவள் குரலில் கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்ட கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். “அப்பா போனப்ப சொல்லுவேனு பாத்தேன். அம்மா போனப்ப பாத்தேன். எனக்கும் எழுவது ஆகப் போகுது, பாலா.”

ஜெயபாலன் அழுதார். சத்தியமாகச் சொல்கிறேன் என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்த நிமிடம் அவர் மனதாரத்தான் சொன்னார். அவரைத் திட்டுகிற நாமும் அதை இல்லையென்று சொல்ல முடியாது. புறப்படும்போது, ஆறிப்போயிருந்த காப்பியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் போனார்.

ஷாமினி அந்த விதையைப் படமெடுத்து, கோடு கோடாக, புள்ளி புள்ளியாக அப்படியே வரைந்து இலைக்காம்பின் கீழே வைத்தாள். கேடயமே அதற்காகத்தான் காத்திருந்ததுபோல ஆகிவிட்டது. “இதுக்கு என்ன அர்த்தம் பெரியப்பா?” என்று கேட்டாள். “அன்னிக்குச் சொல்றேன்மா,” என்றார். பேச்சை நாலு தடவை எழுதிக் கிழித்தார். ஐந்தாவது தாளில் எல்லாம் இருந்தது: பாத்தி, பீப்பாய், போத்தல், விறகு, கதவு நிலை. கண்ணாடி முன் நின்று படித்துப் பார்த்தார். ‘அந்தப் போத்தலைக் கொண்டுவந்தவன் நான்’ என்ற வரியில் ஒவ்வொரு தடவையும் நாக்கு உலர்ந்தது, ஆனாலும் படித்தார்.

புந்தோங் மண்டபத்தில் நூற்று நாற்பது பேர். எல்லாரும் நெஞ்சில் சின்னம் பதித்த பச்சைச் சட்டை. மேடையில் ஆளுயரப் பலகை; வெள்ளைப் பின்னணியில் வெட்டி ஒட்டிய கேடயம் பளபளத்தது. முன் வரிசையில் எடின்பரோவிலிருந்து வந்த மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். அவர்களுக்குப் பின்னால் பழைய மாணவர்கள் சிலர், மரியாதைக்குச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு. முத்தம்மா நடுவரிசை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் ஒரு பச்சைச் சட்டை. சேலைக்கு மேலேயே அதைப் போட்டிருந்தாள். அடிப் பட்டையில் இருந்த மூன்று வார்த்தைகளையும் விரலால் காற்றில் எழுதி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

கத்தியைச் சொன்னார், கைதட்டினார்கள். மங்கைச் சொன்னார். புத்தகத்தைச் சொன்னபோது பழைய மாணவர்கள் விசிலடித்தார்கள். மூன்று இலையைச் சொன்னார். நடு இலை எங்கள் அக்கா என்றதும் எல்லாரும் திரும்பி முத்தம்மாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஜெயபாலன் தாளைத் திருப்பினார்.

“இந்த விதை, எங்கள் கடைசித் தம்பி தீபன். ஐந்து வயதில்…”

“மருந்தக் குடிச்சுச் செத்தானே, அந்தப் பயலா?” முதல் வரிசையிலிருந்து உரக்கக் கேட்டது குமுதா. ஜெயபாலனுக்குப் பெரியப்பா மகள், அதே லயத்தில் அடுத்த வீட்டில் வளர்ந்தவள். காது மந்தம், அதனால் பேசுவதெல்லாம் ஊருக்கே கேட்கும். “அய்யோ, அந்த மருந்தக்கூட நம்ம முத்தம்மாதான கொண்டாந்தா! அத எதுக்குடா பாலா இப்ப…”

இளசுகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகு ஒவ்வொரு தலையாக ஓர வரிசைப் பக்கம் திரும்பியது. யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். முத்தம்மா யாரையும் பார்க்கவில்லை. மேடையை மட்டும் பார்த்தாள். அன்றைக்கு அப்பா போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பார்த்தாளே, அதே பார்வை.

இதைவிட வேறென்ன வேண்டும் ஒரு மனிதனுக்கு? கேள்வி வந்து விழுந்துவிட்டது, பதில் கையில் தாளாக இருக்கிறது, ஒலிவாங்கி வாய்க்கு நேராக இருக்கிறது. அடுத்த வரியைப் படித்தால் போதும். ஜெயபாலன் தாளைப் பார்த்தார். நிமிர்ந்தபோது மூத்த பேத்தி கண்ணில் பட்டாள். தாத்தா என்ன சொல்லப் போகிறார் என்று வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் நெஞ்சிலும் அதே விதை. அவருடைய நாக்கு உலர்ந்தது.

“அக்காவ யாரும் ஒரு வார்த்த சொல்லக் கூடாது,” என்றார். குரல் நடுங்கியது, கேட்பவர்களுக்கு அது பாசமாகத் தெரிந்தது. “அது தெரியாம நடந்த தப்பு. எங்க குடும்பம் அக்காவ எப்பவோ மன்னிச்சிருச்சி. இந்த வெத… அந்த மன்னிப்புக்கு அடையாளம்.”

அப்புறம் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பழைய மாணவன் ஒருவன் கைப்பேசியில் பதிவு செய்ததை அங்கேயே அனுப்பத் தொடங்கினான். குமுதா தட்டுத்தடுமாறி எழுந்து போய் முத்தம்மாவைக் கட்டிக்கொண்டாள். “மன்னிச்சிட்டாங்கடி, முத்தம்மா! கேட்டியா, மன்னிச்சிட்டாங்க!”

“கேட்டுச்சி,” என்றாள் முத்தம்மா. கேட்கிற காதுப் பக்கம்தான் குமுதா கத்தினாள்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் கீழ்க் கூடத்துக்கு இறங்கினார்கள். ஜெயபாலன் மேடையிலேயே, பலகைக்குப் பக்கத்தில், தாளை எட்டாக மடித்துக்கொண்டு நின்றிருந்தார். முத்தம்மா மேடைப் படிக்கட்டைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்தாள்.

“அக்கா, நான் சொல்லத்தான்க்கா வந்தேன். குமுதாக்கா நடுவுல பூந்து…”

“இதுல நான் எது?” என்றாள் அவள்.

“என்னக்கா?”

“இந்த மூணுல நான் எதுன்னு காட்டு.”

நடு இலையைக் காட்டினார். முத்தம்மா அதன் நுனியில் விரலை வைத்துச் சுரண்டினாள். ஒட்டுத்தாள் அசையவில்லை. இன்னொரு விரலால் சுரண்டிப் பார்த்தாள், கட்டைவிரலால் பார்த்தாள். அந்த நகங்களுக்கு எதையும் உரிக்கிற சக்தி என்றைக்கோ போய்விட்டது. கையை இறக்கிக்கொண்டு சொன்னாள்:

“ஒன் நகம் நல்லாருக்கு. நீயே உரி.”

“அக்கா, வேணாம்க்கா. ஒன் கால்ல விழறேன்.”

“மன்னிச்சு ஒட்டி வச்ச எடம் எனக்கு வேணாம்டா. அவன அங்கயே விட்டுடு, அவன் ஒண்ணும் பண்ணல. என்னய மட்டும் எடுத்துடு.”

ஒலிவாங்கி ஐந்து அடி தள்ளி, அணைக்காமல் இருந்தது. அதன் பச்சை விளக்கை ஜெயபாலன் பார்த்தார். கீழே தட்டுகளின் சத்தமும் சிரிப்பும் கேட்டன. ஒரு குரல் கொடுத்தால் நூற்று நாற்பது பேரும் திரும்பியிருப்பார்கள். அவர் இலையின் பக்கம் திரும்பினார். நகத்தை நுனியில் கொடுத்து, கிழியாமல், ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தார். எதையும் சுத்தமாகச் செய்து பழகிய கை.

“என்ன பெரியப்பா பண்றீங்க?” படிக்கட்டில் ஷாமினி, இரண்டு கையிலும் சாப்பாட்டுத் தட்டோடு.

“ஓரம் தூக்கிக்கிட்டு இருந்துச்சிம்மா,” என்றார் ஜெயபாலன். யோசிக்கக்கூட இல்லை. பொய் அவ்வளவு தயாராக வாயிலேயே இருந்தது.

ஷாமினி அத்தையைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், பெரியப்பாவின் விரலில் ஒட்டிக்கொண்டு தொங்கிய பச்சை இலையைப் பார்த்தாள். தட்டுகளை அங்கேயே படியில் வைத்துவிட்டாள்.

“என்னய சுங்காய்ல கொண்டு போய் விட்டுடும்மா,” என்றாள் முத்தம்மா. பச்சைச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, நாலாக மடித்து, ஒலிவாங்கி நின்ற மேசையில் வைத்தாள். “சாப்பாடு வேணாம். போற வழில கடைல காப்பி குடிச்சிக்கலாம்.”

அவர்கள் போன பிறகு ஜெயபாலன் அந்த இலையை விரலிலிருந்து உதறினார். விழவில்லை. இடது கையால் எடுத்தார், அது இடது கையில் ஒட்டிக்கொண்டது. கடைசியில் மடித்த தாளோடு சேர்த்துச் சட்டைப் பையில் திணித்தார்.

சாப்பாடு முடிந்து குடும்பப் படத்துக்கு எல்லாரும் மேடையேறினார்கள். அக்கா எங்கே என்று பவித்ரன் கேட்டான். தலைவலி என்று போய்விட்டாள் என்றார். பேரப்பிள்ளைகள் முன்னால் உட்கார, பெரியவர்கள் பின்னால் நிற்க, படக்காரர் கேமராவுக்குள் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

“சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. சின்னத்த மறைக்கிறீங்க.”

ஜெயபாலன் நகரவில்லை.

“சார், சைட்ல வாங்க சார். நடுவுல என்ன இருக்குன்னே தெரியல.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜெயபாலனும் சிரித்தார், இன்னும் ஒரு அடி பின்னால் போய்ப் பலகையோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். இனி எடுக்கப்போகிற எல்லாப் படத்திலும் அந்த இடத்தில் அவர்தான் நிற்க வேண்டும்.